மூளைக்குள் ஓடும் வேன்

மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி வேனுக்காக எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"என் மூளைக்குள்ளயும் ஒரு வேன் ஓடுதுக்கா."

"என்னடி உளர்ற?"

"ஒரு நரம்பு செரடோனின்னு ஒரு ரசாயனத்தை வெளிய விடுது. அது அடுத்த நரம்புகிட்ட வேலைய முடிக்கறதுக்குள்ள ஒரு புரதம் வேன் மாதிரி வந்து திரும்ப உள்ள அள்ளிட்டுப் போயிடுதாம். நான் முழுங்கற இந்த மன அழுத்த மாத்திரை அந்த வேனை மறிக்குமாம். டாக்டர் சொன்னாரு."

"பத்து நாளா முழுங்கற, இன்னும் அழுதுட்டுதானே இருக்க? பைத்தியக்கார மாத்திரைன்னு உங்க மாமியாரே சொல்றாங்க. விட்டுடுடி."

"குணம் தெரிய நாலஞ்சு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் அழுதுக்கிட்டே முழுங்குவேன். நிறுத்த மாட்டேன்."

அவள் வரிசையில் எல்லார் முன்னாலும் மாத்திரை அட்டையைப் பிரித்தாள். மூத்தவள் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.