வலது காதுக்கு ஒரு குழி

மழை வருவதற்கு முன்னால் என் வலது தோள்பட்டை வலிக்க ஆரம்பித்துவிடும், மேடம். ரேடியோவில் சொல்கிற வானிலை தப்பும், இது தப்பாது. இன்று காலையிலிருந்தே குடைச்சல். அதனால் நீங்கள் கையில் ஹெல்மெட்டோடு வந்து நின்றபோது, மழைக்கு முன் வேலையை முடித்துக்கொள்ள வந்த கஸ்டமர் என்றுதான் நினைத்தேன். வக்கீல் என்றீர்கள். பெயர் அலர்மேல்மங்கை என்றீர்கள். தண்ணி டேங்கர் டிரைவர் கோதண்டராமனுக்காக வாதாடுகிறேன் என்றீர்கள். நல்லது, உட்காருங்கள். அந்த ஸ்டூல் ஆடும். சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டால் ஆடாது.

இந்த வலி சிமெண்ட் மூட்டை கொடுத்தது. மீசை முளைக்கும் முன்பே தூக்க ஆரம்பித்து, அது நரைக்கிற வரைக்கும் தூக்கினேன். அப்பாவும் சித்தப்பாவும் அதே வேலைதான். எங்கள் வீட்டில் உடம்பைப் பற்றி யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள். அது ஒரு சாமான், தேயத்தான் செய்யும். என் தோள் இனிமேல் ஆகாது என்று தெரிந்த பிறகுதான் நீலசந்திராவில் இந்த மாடிப்படிக்கு அடியில் கடை போட்டேன். ஹெல்மெட், அதற்குக் கண்ணாடி, மொபைல் ஸ்டாண்டு, ஹெல்மெட்டுக்குள் மாட்டுகிற புளூடூத் செட். விலை குறைந்த செட்டுதான். பட்டனை அழுத்தினால் ஒரு பெண் குரல் "கனெக்டட்" என்று சொல்லும். எந்த நாட்டுக்காரி என்று தெரியாது, ஆனால் எப்போதும் சந்தோஷமாகச் சொல்வாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

முன்பெல்லாம் இந்தப் பெங்களூர்ப் பையன்கள் போனை ஹெல்மெட்டுக்குள் காதோரம் செருகிக்கொண்டு, கழுத்து சுளுக்கியவன் மாதிரி ஓட்டுவார்கள். அதை ஒழித்தவன் நான். மேப் பேசும், மேனேஜர் பேசுவார், பெண்டாட்டி பேசுவாள், கை ஹேண்டிலிலேயே இருக்கும். காக்ஸ் டவுனிலிருந்து ஓஸ்வால்ட் என்று ஒருவர் வருவார், சர்ச்சில் பாடுகிறவர். வண்டியில் போகும்போதே பாட்டைப் போட்டுக் கேட்டுப் பழகுவார். "பிரதர், சிக்னல்ல நின்னுட்டு ஒரு ஹை நோட் எடுத்தேன். முன்னால இருந்த ஆட்டோக்காரன் ஆம்புலன்ஸுன்னு நினைச்சு ஒதுங்கிட்டான்" என்றார். இந்தக் கடையில் நாள் முழுக்க இப்படித்தான், சிரிப்புக்குக் குறைவே இல்லை.

ஒரே குறை காது வலி. விலை குறைந்த செட்டில் ஸ்பீக்கர் தடிமனாக இருக்கும், மசால் வடை மாதிரி. விலை குறைந்த ஹெல்மெட்டில் அதற்கு இடம் இருக்காது. இரண்டும் சேர்ந்தால் காது நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கும். "அண்ணா, காது பிச்சிக்குது, எடுத்துடுங்க" என்று வாங்கிய மறுநாளே திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். திருப்பிக் கொடுத்தால் எனக்கு நஷ்டம், அவர்களுக்கு மேப் இல்லை.

வழி கண்டுபிடித்தது நான்தான். ஹெல்மெட்டில் துணிக்கும் ஓட்டுக்கும் நடுவில் தெர்மக்கோல் இருக்கிறது இல்லையா, ஒரு குழம்புக் கரண்டியை அடுப்பில் காய வைத்து அதில் அழுத்தினால் வெண்ணெய் மாதிரி இறங்கும். காதுக்கு நேராக வட்டமாக ஒரு குழி. ஓடு தட்டுப்படுகிற வரைக்கும் எடுப்பேன், அப்போதுதான் ஸ்பீக்கர் முழுக்க உட்காரும். காது தொடாது, சத்தம் நேராக உள்ளே போகும். போட்டுப் பார்க்கிறவன் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஸ்ரீராம்புரத்திலிருந்தெல்லாம் குழி ஃபிட்டிங் என்று கேட்டு வந்தார்கள். மூட்டை தூக்கிய காலத்தில் என்னை யாரும் தேடி வந்ததில்லை.

என் மகள் வைஷ்ணவி ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறாள். அவளும் கேட்டாள்.

"ஏம்ப்பா, ஊருக்கெல்லாம் குழி போடற. எனக்கு மட்டும் ஏன் மாட்டேங்கற?"

"உன் காது அழகா இருக்கு. அதுகிட்ட எதுக்கு பிளாஸ்டிக்கு?"

"கஸ்டமர்கிட்ட இப்படித்தான் பேசுவியா?"

"கஸ்டமருக்கு காது எப்படி இருந்தா எனக்கென்ன?"

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குக் கடையில் இருந்ததிலேயே விலை கூடிய ஹெல்மெட்டைக் கொடுத்திருக்கிறேன். அதில் கரண்டி பட்டதில்லை. ஏன் என்று கேட்கிறீர்கள். சிரில் விஷயத்துக்குப் பிறகுதான் அப்படி.

சிரில் சாப்பாடு டெலிவரி செய்கிறவன், நன்றாகப் பேசுவான். ஈஜிபுராவில் வண்டி சறுக்கி விழுந்தான். தையல் பிரித்த பிறகு ஹெல்மெட்டைக் கொண்டுவந்து இதே மேஜையில் வைத்தான். வலது பக்கக் குழியில் தொடங்கிய விரிசல் கீழ் விளிம்பு வரை ஓடியிருந்தது, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. சிரில் அதைக் கவனிக்கவில்லை. அவனுக்கு வலது காது கேட்காமல் போய்விட்டிருந்தது.

"அண்ணா, புது ஹெல்மெட் ஒண்ணு குடு. ஆனா இனிமே எனக்கு ஒரு ஸ்பீக்கர் போதும். பாதி ரேட்டு போட்டுக்க."

"ஒரு காதுக்காரனுக்கு எல்லாம் டிஸ்கவுண்ட் கிடையாது மச்சா."

"அப்ப அந்த இன்னொரு ஸ்பீக்கர நீயே வச்சு கொஞ்சிக்கோ."

இரண்டு பேரும் சிரித்தோம். பாதி விலைதான் வாங்கினேன். அவன் கேட்டபடி புது ஹெல்மெட்டில் இடது பக்கம் குழி போட்டுக் கொடுத்தேன். விரிசலை அவனிடம் காட்டியிருக்கலாம். ஆனால் கீழே விழுந்தவனுக்கு அடிபட்டிருக்கிறது, அதில் நான் சொல்ல என்ன இருக்கிறது. அன்றிலிருந்து குழியின் மேல் கறுப்புத் துணி ஒட்ட ஆரம்பித்தேன். வேலை சுத்தமாகத் தெரியும். வைஷ்ணவி கேட்டதும் அந்த வாரம்தான்.

இப்போது சஞ்சய்க்கு வருகிறேன்.

பின் சந்தில் பிரபா என்று ஒரு பெண், கார்மெண்ட்ஸில் தைக்கிறாள். என்னை அண்ணா என்பாள். ஒரே பையன் சஞ்சய். பைக் டாக்சி ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை. போன் எடுக்காவிட்டால் தையல் கோணலாகிறதாம். "அண்ணா, அவன் காதுல எதையாவது மாட்டி வுடு. எங்க இருக்கான்னு தெரிஞ்சா போதும் எனக்கு" என்று அவளேதான் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் என்னை மாமா என்பான்.

"மாமா, எனக்குப் போடறது மாட்டுக்கு மணி கட்டற மாதிரி இருக்கு."

"கட்டறது உங்கம்மா. நான் மணி விக்கறவன், அவ்ளோதான்."

அன்றைக்கு முழு செட் இல்லை. ஸ்பீக்கர் இரண்டும் போன ஒரு பழைய செட்டின் பட்டன் பெட்டி இருந்தது. சிரில் வேண்டாம் என்று விட்டுப்போன வலது ஸ்பீக்கர் இருந்தது. இரண்டையும் ஈயம் வைத்துச் சேர்த்துப் பற்ற வைத்தேன், பேசியது. முழு செட்டுக்குக் காசை வாங்கிக்கொண்டு, இடது பக்க ஸ்பீக்கர் எஸ்.பி. ரோட்டு மொத்தக் கடையிலிருந்து வந்ததும் மாட்டித் தருகிறேன் என்றேன். அதனால் வலது பக்கம் மட்டும் குழி எடுத்தேன். இடது பக்கத்தில் கை வைக்கவே இல்லை.

நடந்தது பட்டப்பகலில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு எதிரே. கோதண்டராமன் டேங்கரை அந்தச் சந்துக்குள் திருப்பிக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான். கிழவிகூட முந்திப்போகலாம், அவ்வளவு மெது. டேங்கர் என்றால் ஒழுகும், ரோடு ஈரம். சஞ்சய் பேசிக்கொண்டே வந்தான், பிரேக் பிடித்தான், சறுக்கினான். வலது பக்கமாக விழுந்து தலை நடைபாதைக் கல்லில் பட்டது. டேங்கர் அவனைத் தொடவில்லை. இதை நான் பார்த்தேன். கோதண்டராமன் குதித்து இறங்கி அவனை மடியில் போட்டுக்கொண்டார். கூட்டம் சேர்ந்ததும் முதலில் அவரைத்தான் அடித்தார்கள்.

நான் ஓடிப்போய் வாரை அவிழ்த்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். உள்ளிருந்து பிரபா பேசிக்கொண்டிருந்தாள். "டேய் சஞ்சய்... என்னடா சத்தம் அது? கேக்குதா? சாப்ட்டியான்னுதானே கேட்டேன், பதில் சொல்லேன்டா." அவ்வளவு தெளிவாகக் கேட்டது, மேடம். விலை குறைந்த செட்டு, நான் பற்ற வைத்த ஒயர், அப்படி ஒரு அடி விழுந்தும் லைன் கட் ஆகவில்லை. பெரிய கம்பெனிச் செட்டுகூட அப்படித் தாங்குமா, தெரியாது. பட்டனை அழுத்தி நான்தான் நிறுத்தினேன். கத்திக்கொண்டிருக்கும் கூட்டத்தில் ஒரு அம்மா எதையெல்லாமோ கேட்க வேண்டாம் என்று.

ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தேன். சிரிலுடையதில் பார்த்த அதே கோடு, இது இன்னும் அகலம். கடைக்குள் கொண்டுவந்து வைத்தேன். ஸ்டாக்கில் அதே கறுப்பில் ஒன்று இருந்தது. அதை எடுத்து இந்தப் படியின் ஓரத்தில் நாலு இழுப்பு இழுத்தேன், கீறல் விழுந்தது. கான்ஸ்டபிள் வந்ததும் அதைக் கொடுத்தேன். அவர் உள்ளேயும் வெளியேயும் பார்த்துவிட்டு, "ஹெல்மெட் முழுசா இருக்கு. அப்படியும் மண்டை போயிருக்குன்னா டேங்கர் எந்த வேகத்துல வந்து இடிச்சிருக்கணும்" என்று எழுதிக்கொண்டார். இடித்ததா என்று என்னைக் கேட்டார். இடித்தது சார் என்றேன். கூட்டம் முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஒருவன் மாற்றிச் சொன்னால் பையன் எழுந்து வரப்போகிறானா?

அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காகவே போனது. பிரபா அழுது ஓய்ந்த பிறகு என்னிடம் வந்து, "ஓடிப்போய் தூக்கினது நீதானேண்ணா, நீ சாட்சி சொன்னதாலதான் கேஸே நிக்குது" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் குழம்பு கொண்டுவந்து கொடுக்கிறாள். காரம் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனால் நல்ல கை. வேண்டாம் என்று சொன்னால் மனது கஷ்டப்படும், அதனால் வாங்கிக்கொள்கிறேன். அவளுக்குப் பேச ஆள் வேண்டும். இங்கே ஸ்டூலில் உட்கார்ந்து சஞ்சய் கதைகள் சொல்வாள், இருவரும் சிரிப்போம்.

வந்ததும் நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. ஸ்டேஷனில் இருக்கும் ஹெல்மெட்டில் ஒயரும் இல்லை ஸ்பீக்கரும் இல்லை, அப்படியானால் அந்த நேரத்தில் மகனோடு பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்கிற பிரபா எதில் பேசினாள் என்று கேட்டீர்கள். எனக்கு இது தோன்றவே இல்லை. கீறல் விழ வைக்கத் தெரிந்தவனுக்கு ஒரு ஒயர் மாட்டத் தெரியவில்லை. கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, நீங்கள் தப்பாக நினைத்துவிடவில்லையே.

அந்த ஹெல்மெட் எங்கேயும் போகவில்லை. உங்கள் தலைக்கு மேலே, கொக்கியில் தொங்குகிறது. இடது பக்கம் தெரிகிற மாதிரி மாட்டியிருக்கிறேன். அந்தப் பக்கம் இன்றைக்கும் புதுசு மாதிரி. கண்ணாடியும் நல்லது, தூக்கிப் போட மனசு வரவில்லை. இறக்கித் திருப்பிப் பாருங்கள், குழியும் தெரியும், கோடும் தெரியும். அதிலிருந்த வலது ஸ்பீக்கரை மட்டும் எடுத்துவிட்டேன். வேலை செய்கிற சாமான், துடைத்து, ஷ்ரேயா என்று ஐ.டி.யில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்கு மாட்டிக் கொடுத்தேன். தினமும் கோரமங்களா வழியாகப் போகிறவள். குழி ஃபிட்டிங்தான் கேட்டாள். போன வாரம்கூட வந்து, "அங்கிள், சவுண்டு சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நம்பர் வேண்டுமென்றால் தருகிறேன், உங்கள் ஹெல்மெட்டுக்கும் எப்படி இருக்கும் என்று அவளையே கேட்டுக்கொள்ளலாம்.

கோதண்டராமனின் லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள், டேங்கர் முதலாளி வேலையை விட்டு அனுப்பிவிட்டார், இப்போது குடோனில் சிமெண்ட் மூட்டை தூக்குகிறார் என்றீர்கள். பழக்கம் இல்லாதவருக்குக் கஷ்டம்தான். சாக்கை இரண்டாக மடித்துத் தோளில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே தோளில் ஏற்றாமல் மாற்றி மாற்றித் தூக்கச் சொல்லுங்கள். எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லாததால்தான் இந்த வலி.

சரி, எழுதிக்கொள்ளுங்கள், சந்தானம் சொன்னது என்று. குழி எடுத்தவன் நான். சிரிலின் ஹெல்மெட்டைப் பார்த்த பிறகும் எடுத்தவன் நான். ஹெல்மெட்டை மாற்றிக் கொடுத்தது நான். இடிக்காத டேங்கரை இடித்தது என்று சொன்னதும் நான்தான். எங்கே கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. ஒரு மனிதர் சும்மா மூட்டை தூக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும், அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. சஞ்சயை எடுத்துக்கொண்டு போன மறுநாளே எஸ்.பி. ரோட்டிலிருந்து சரக்கு வந்துவிட்டது. இந்த டிராயரில் தனியாக வைத்திருக்கிறேன், பாருங்கள், கவர்கூடப் பிரிக்கவில்லை. எத்தனையோ பேர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. யாரிடமும் காசை வாங்கிக்கொண்டு சாமான் கொடுக்காமல் இருந்தவன் இல்லை நான். பிரபாவிடம் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறேன், அவள் குழம்பை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்ததும் மறந்துவிடுகிறது. அந்தக் குடும்பத்துக்கு நான் பட்ட கடன் இது ஒன்றுதான், மேடம்: இடது பக்க ஸ்பீக்கர், ஒன்று.