நாலு மணிக்குள் ஜாக்கி ஏறணும்

ஹலோ… ஹலோ, கிளேட்டனா?… நான் மார்லிஸ் பேசறேன். வெர்னோட சம்சாரம்… ஆமா, ஆமா, குளிர்காலத்துல அரிசோனாவுல உன் பக்கத்துல நின்னோமே, வெர்ன் ‘சக்கரம் வச்ச வீடு’ம்பானே, அந்த நீளமான கேம்பர்… நல்லாவா? நல்லா இருந்தா ரிப்பேர்காரனை எதுக்குப்பா கூப்பிடப் போறேன்! ஜாக்கி ஏறலை… கேம்பருக்கு முன்னாடி ரெண்டு கரண்ட் ஜாக்கி இருக்கே, அதுதான். கால் ரெண்டும் தரையில ஆணி அடிச்ச மாதிரி நிக்குது…

நாளைக்கா? நாளைக்கு நாங்க சாம்பலா இருப்போம்… விளையாடலை. மலைக்கு அந்தப் பக்கம் காடு எரியுது… ஐடஹோவுலதான். நியூஸ்ல காட்டறாங்களே, அதேதான்… காத்து மத்தியானம் திரும்பிடுச்சு. ஷெரிஃப் ஆபீஸ் பொண்ணு ஜீப்புல வந்து சொல்லிட்டுப் போச்சு, நாலு மணிக்குப் பாதையை மூடறாங்களாம்… இப்ப மூணு இருபது…

அதைத்தான் நானும் சொன்னேன்! கேம்பர் கிடக்கட்டும், அதை இழுக்கற பிக்கப் லாரியை மட்டும் எடுத்துட்டுப் போயிடலாம்னு. மனுஷன் வாசப்படியில உக்காந்துட்டான். ‘என் வீட்டை விட்டுட்டு வரமாட்டேன்’ங்கறான்… வேற வீடு ஏது? இருந்ததை வித்துட்டு ரோட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு…

சரி, சரி, நீ கேளு… ஆமா, பிக்கப்பைப் பின்னாடி எடுத்து மாட்டியாச்சு. கொக்கி பூட்டிக்கிச்சு. கால் மட்டும் ஏறணும்… இரு, அமுக்கறேன்… ‘டிக்’குங்குது. மறுபடி… ‘டிக்’. அவ்வளவுதான்… ஃப்யூஸ் மாத்தியாச்சு. உள்ளே விளக்கும் எரியலை. நேத்து ராத்திரியே மங்கிப் போச்சு. புகையில சோலார் வேலை செய்யலைன்னு நெனச்சோம்…

கையால சுத்தற கம்பியா? அது ஆத்துத் தண்ணிக்குள்ள கிடக்கு… என்ன ‘ஏன்’? போன மாசம் கரடி ஒண்ணு குப்பை டப்பாவை நோண்டுச்சு. என் புருஷன், பெரிய வீரன், அந்தக் கம்பியை எடுத்து விட்டெறிஞ்சான். கரடி மேல படலை… சிரிக்காதப்பா, எனக்குக் கண்ணு எரியுது.

(போனை மூடாமலே பக்கவாட்டில் திரும்பி) யோவ் வெர்ன்! அந்த வாளியை வச்சுட்டு இங்க வா!… எங்க போறான் பாரு…

ம், சொல்லு… கடைசியா பிக்கப்பைக் கழட்டினது யாரா? நான்தான். நேத்து மத்தியானம்… தனியாத்தான். இவன் தூண்டிலைத் தூக்கிட்டு ஆத்துக்குப் போயிட்டான். நான் துணி துவைக்க டவுனுக்குப் போனேன்… எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன். கால் இறக்கினேன், கொக்கியை இழுத்தேன், கரண்ட் ஒயரை உருவினேன், கொக்கியில இடிக்காம இருக்க பிக்கப்போட பின்கதவை இறக்கினேன், கிளம்பினேன்… மெல்லிசா ஒரு கம்பிக் கயிறா? அது எது?…

ஓ… ஓடறப்ப கேம்பர் கழண்டுக்கிட்டா தானா பிரேக் பிடிக்கறதுக்கு இருக்குமே, அது… அதைக் கழட்டினேனா? கழட்டி… கழட்டியிருப்பேன்… இரு, போய்ப் பாக்கறேன்.

(செருப்பு சரளையில் தேயும் சத்தம். இருமல்.)

கேம்பர் பக்கம் சின்னக் கறுப்புப் பெட்டி… அதுல பின் இருக்கணும், சரி… ஓட்டைதான் இருக்கு. பின் இல்லை… அப்படின்னா?… நேத்துலேருந்து பிரேக்குக்கே கரண்ட் ஓடிட்டு இருந்திருக்கு… பேட்டரியை உறிஞ்சிக் குடிச்சுட்டுது… இப்பவும் ஒயர் வழியா வர்றதையும் குடிக்குது…

…

இருக்கேன், லைன்ல இருக்கேன்… தேடிட்டு இருக்கேன்.

கிளேட்டன். ஒண்ணு கேக்கறேன். அந்த பின் கிடைக்கவே இல்லைன்னா?… அந்த அளவுல வேற எதைச் செருகறது, ஒண்ணும் இல்லை… அப்ப ஏறாது. நிச்சயமா ஏறாது… ம்… நாலு மணிக்கு அந்தப் பொண்ணு வரும். இவனைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடும், இல்லையா? போலீஸ் சொன்னா கேட்டுத்தானே ஆகணும்?… கேம்பர் மட்டும்தானே போகும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது…

(குரலைத் தாழ்த்தி) என் கையிலதான் இருக்கு… பின்தான். பிக்கப்புல அந்தக் கயித்து நுனியில தொங்கிட்டு இருந்துது. நான் கிளம்பினப்ப உருவிட்டு வந்திருக்கு… இல்லை கிளேட்டன், துணி துவைக்கப் போகலை. துணியை வண்டியிலேயே போட்டு வச்சிருந்தேன். வீடு பார்க்கப் போனேன்… வாடகைக்கு. செர்ரி தெருவுல. மஞ்சக் கதவு, பின்னாடி ஆப்பிள் மரம்… ஒன்பது வருஷமா ஒவ்வொரு தடவை வண்டி கிளம்பறப்பவும் காபி டம்ளரைத் துணியில சுத்தி வைக்கறேன்ப்பா. ஒரே ஒரு தடவை அலமாரியில அப்படியே நிக்க வைக்கணும்… வெர்னுக்குத் தெரியாது. சொன்னா செத்துடுவான்…

திட்டாதே. செருகமாட்டேன்னு சொல்லலையே. ஒரு நிமிஷம் யோசிக்கறேன்னு…

ஐயோ! யோவ்! யோவ் வெர்ன்!… கிளேட்டன், மனுஷன் கூரை மேல ஏறிட்டான்! வாளியோட! அறுபத்தெட்டு வயசு, ஒரு முட்டி செத்துப்போச்சு, கூரையை நனைக்கறானாம்!… இறங்குய்யா! பொறி விழுது, கண்ணு தெரியலையா?… என்ன சொன்னே?… ‘நீ போ மார்லிஸ், நான் பாத்துக்கறேன்’ங்கறான்… நிஜமாத்தான் சொல்றான். அந்தப் பொண்ணு இல்லை, பட்டாளமே வந்தாலும் இறங்கமாட்டான்…

செருகறேன், செருகறேன்… ‘டக்’. உள்ளே போயிடுச்சு… அப்புறம்?… பிக்கப்பை ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலரேட்டரை அமுக்கிப் பிடிக்கணும், கேம்பர் பேட்டரி ஏறறதுக்கு. எவ்வளவு நேரம்?… பத்து நிமிஷமா! மணி மூணு முப்பத்தாறு… சரி.

வெர்ன்! ஜாக்கி ஏறப் போகுது, இறங்கி வா! சுவிட்சுகிட்ட நில்லு! நான் சொல்றப்ப அமுக்கு!… இறங்கறான். இதுக்கு மட்டும் இறங்கறான் பாரு.

(இன்ஜின் உறுமல்.)

கேக்குதா?… உன்னை ஸ்பீக்கர்ல போட்டு டாஷ்போர்டு மேல வச்சிருக்கேன், கத்திப் பேசு… மலை உச்சி தெரியலை இப்ப. முதல்ல மரம் தெரிஞ்சுது, இப்ப அதுவும் இல்லை… மூணு நாப்பது… ஆறு நிமிஷம் இன்னும்… இப்பவே சுவிட்சை அமுக்கச் சொல்லவா?… வேண்டாமா? அவசரப்பட்டா ஏறின கரண்ட்டும் போயிடுமா… சரி, சரி.

கண்ணாடியில அவனைப் பாக்கறேன் கிளேட்டன். சுவிட்சு மேல விரலை வச்சுக்கிட்டு நிக்கறான், பிரசவ அறை வாசல்ல நிக்கற மாதிரி… சொல்லிடவா?… இப்ப இல்லைன்னா இனிமே சொல்லவே மாட்டேன்.

யோவ் வெர்ன்! பின்னை உருவினது நான்தான்!… பின்னு! பிரேக் பின்னு!… நேத்து! துணி துவைக்கப் போகலை, வீடு பார்க்கப் போனேன்!… வீடு! எனக்கு ஒரு வீடு வேணும்!

…

கேட்டுடுச்சு. என் பக்கம் திரும்பிட்டான். அப்படியே நிக்கறான்… பத்து நிமிஷம் ஆச்சு. அமுக்கச் சொல்லவா?… அமுக்கு வெர்ன்! இப்ப!… கையை எடுத்துட்டான். கிளேட்டன், கையை எடுத்துட்டான்… கண்ணைத் துடைக்கறான். புகையோ என்னவோ… அமுக்குய்யா! என்னை அப்புறம் திட்டிக்கோ!

சத்தம் கேக்குதா? முனகுது… முனகுது… இடது கால் ஏறுது! வலதும்!… நிறுத்தாதே, முழுசா ஏத்து!… ஏறிடுச்சுப்பா. ஏறிடுச்சு.

அதோ ஜீப்பு வருது. ஹாரன் அடிக்குது அந்தப் பொண்ணு… வர்றோம்மா, வர்றோம்!

இவன் அந்தப் பக்கக் கதவைத் திறக்கறான்… நான் இறங்கலை, நான்தான் ஸ்டீரிங்ல இருக்கேன்… ஏறி உக்காந்துட்டான். ‘நான் ஓட்டறேன்’னு கூட சொல்லலை. மூஞ்சியை ஜன்னல் பக்கம் திருப்பிட்டான்… கியர் போட்டுட்டேன், நகருது… அப்பாடா, பின்னாலேயே வருது கிளேட்டன், நாய்க்குட்டி மாதிரி…

என்ன வெர்ன்?… என்ன கேட்டே?… அந்த வீட்டுலயா?… ரெண்டு ரூம்… ஆமா, சமையலறை தனி… ஜாக்கியா?

ஜாக்கியெல்லாம் கிடையாது. அஸ்திவாரம்.

ஹலோ… கிளேட்டன்?… ஹலோ… ஹ—