ரெண்டு தட்டு

இப்படி முதுகக் காட்டிக்கினு பேசினா எனக்கு எப்படிப்பா தெரியும்? வெளிச்சத்துப் பக்கமா திரும்பிச் சொல்லு. இல்லன்னா அந்த அட்டையில எழுது. ஹிந்தியிலயே எழுது, படிச்சிக்கிறேன். எம் புள்ள தினேஷுக்குத் தமிழ் எழுத வரலன்னு உங்கப்பன் சவரிமுத்து கடைசி வரைக்கும் என்கிட்ட பொலம்பிக்கினு இருந்தான். காது மிஷினா? இருக்குது, பொண்ணு ஸ்டெல்லா வாங்கிக் குடுத்தா. மாட்டினா உள்ளார விசில் அடிக்குது. உன் பட்டறையில அத மாட்டிக்கினு நின்னேன்னு வையி, மண்டை வெடிச்சிடும். முப்பத்தொரு வருஷம் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புல நின்ன காது, தம்பி. போனது போனதுதான்.

இன்னா எழுதியிருக்க? ஸ்டார்ட்டர் மோட்டார் ஏக்தம் நல்லா இருக்குதா? நல்லா இருந்தா ஏன்பா அரைக்குது? கேக்காத காதுக்கு எப்படித் தெரியும்னு சிரிக்காத. காதுக்குத்தான் தெரியாது, காலுக்குத் தெரியும். சாவியத் திருப்பினதும் கிளட்ச்சு மேல வெச்ச கால்ல கரகரன்னு ஏறுது, வாயில பல்லெல்லாம் கூசுது. மொதல்ல நான் பேட்டரின்னுதான் நெனச்சேன். நிக்டியில ஒரு மராத்தி மெக்கானிக்கு, நல்ல மனுசன், பேட்டரி முனையெல்லாம் சொரண்டி வேஸலின் தடவிக் குடுத்தாரு. ரெண்டு நாளுதான் தாங்கிச்சி. அப்பறம் மோட்டாரக் கழட்டி, முனையில இருக்கிற சின்னப் பல்சக்கரத்த மாத்தினாரு. மூணு வாரம் ஓடிச்சி. மறுபடியும் அதே கரகர. கடைசியில காரு பந்த், கெளம்பவே இல்ல. அதான் டெம்போவுல கட்டி இழுத்துக்கினு கட்கிக்கு உன்கிட்ட வந்தேன். வேற ஆளுகிட்ட போவ இஷ்டமில்ல.

வியாழக்கிழமைக்குள்ள ஆவணும்பா. இல்ல, சனிக்கிழமையெல்லாம் ஆவாது. வியாழக்கிழமை. உனக்கு யாரும் சொல்லலியா? உங்க பெரியம்மாவ ஹோமுல விட்டிருக்குது. தளேகாவ் பக்கம், சிஸ்டருங்க நடத்தறது. ஆமா, மறதிதான். மொதல்ல அடுப்ப மறந்தா, அப்பறம் தெருவ மறந்தா, போன மழைக்காலத்துல கட்டின புருஷன் என்னையே மறந்துட்டா. பவுனுன்னு கூப்பிட்டா திரும்புவா, கூப்பிட்டது யாருன்னு தெரியாது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அரை மணி நேரம் வெளிய கூட்டிக்கினு போவ சிஸ்டர் விடுவாங்க. வண்டியில உக்கார வெச்சி அந்தக் காம்பவுண்டையே ஒரு சுத்து சுத்துவேன். அவ்ளோதான். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் இந்த வண்டி. இல்லன்னா ஸ்டெல்லா சொல்ற மாதிரி எப்பவோ வித்திருப்பேன்.

கியர்பாக்ஸ எறக்கிட்டியா? அதையும் பண்ணிட்டியா? காட்டு. கொஞ்சம் இரு, முட்டி மடங்கல. அந்த டார்ச்சக் கிட்ட புடி. ஐயோ... அந்தச் சின்னப் பல்சக்கரம் கவ்வற பெரிய சக்கரத்துப் பல்லு ரிங்கே போயிருக்குதே. எலி கடிச்ச ரொட்டி மாதிரி சுத்தியும் கொறிச்சி வெச்சிருக்குது.

எழுது, எழுது. ஊம். நாலு சிலிண்டர் வண்டி நிக்கறப்ப சுத்தி சுத்தி ரெண்டே எடத்துலதான் நிக்கும், அதனால பல்லு தேஞ்சா அந்த ரெண்டு எடத்துலதான் தேயும். தெரியும்பா, நானும் இரும்போட பொழச்சவன்தான். இது சுத்தியும் தேஞ்சிருக்குது, அப்படின்னா... சரி. நீ முடிக்க வேணாம், புரிஞ்சிது. எஞ்சின் ஓடிக்கினு இருக்கிறப்பவே யாரோ மறுபடி மறுபடி சாவியத் திருப்பியிருக்காங்க. அந்த யாரோ நான்தான்னு எழுத உனக்குக் கை வரல. மரியாதை தெரிஞ்ச புள்ள.

ஸ்டெல்லாவும் இதத்தான் சொல்றா. வண்டி ஸ்டார்ட் ஆனது கூட உனக்குக் கேக்கலப்பா, ரோட்டுல ஹாரன் எப்படிக் கேக்கும், சாவியக் குடுத்துடுன்னு. போன ஞாயித்துக்கிழமை கைய நீட்டிக்கினு நின்னா. குடுக்கல. கோவிச்சிக்கினு, சோறு கூடத் துன்னாம போயிட்டா.

ஒண்ணு சொல்றேன் கேளு. இந்த வண்டிய செகண்டுல வாங்கறப்பவே எனக்கு முக்காவாசி காது போச்சி. அப்ப இன்னா பண்ணோம் தெரியுமா? பவுனு பக்கத்து சீட்டுல உக்காந்துக்குவா. நான் சாவியத் திருப்புவேன். எஞ்சின் புடிச்சதும் என் தொடையில ரெண்டு தட்டு தட்டுவா. டக்கு டக்கு. நான் சாவிய விட்டுடுவேன். நாங்க பேசி வெச்சிக்கினது இல்ல, அவளா ஆரம்பிச்சது. சர்ச்சுக்குப் போனாலும் அதான், ஆகுர்டியில அவ தங்கச்சி வூட்டுக்குப் போனாலும் அதான். சண்டை போட்டுக்கினு மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பி வெச்சிருப்பா, கை மட்டும் வந்து தட்டிட்டுப் போவும். பதினாலு வருஷம், ஒரு நாள் தவறினது கெடையாது.

அவ ஹோமுக்குப் போனப்பறம்? நான் கத்துக்கினேன்பா. ஸ்டீயரிங்குல உள்ளங்கைய வெச்சா போதும், எஞ்சின் புடிச்சதும் ஒரு சின்ன நடுக்கம் வரும். நம்ப மாட்டியா? அதோ நிக்குதே அந்த டெம்போ, நீ போயி உக்காரு. நான் கண்ண மூடிக்கினு பானெட்டு மேல கை வெக்கிறேன். நீ ஸ்டார்ட் பண்ணு, ஆஃப் பண்ணு, உன் இஷ்டம். போ.

இப்ப ஸ்டார்ட். இப்ப ஆஃப். இப்ப ஸ்டார்ட்... ஆஃப். இன்னும் திருப்பல நீ, சும்மா உக்காந்திருக்க. சரியா? ஒண்ணாவது தப்பாப் போச்சா? வா, எறங்கி வா.

ஏன் அப்படிப் பாக்கற? எழுத வேணாம், மூஞ்சியிலயே தெரியுது. இவ்ளோ நல்லா தெரியறவன் ஓடற எஞ்சின்ல ஏன் சாவியத் திருப்பினான்னுதானே?

அந்த அட்டையக் கீழ வெச்சிட்டு உக்காரு. சொல்ல வெக்கமா இருக்குது. ஸ்டெல்லாவுக்குப் போன் கீன் போட்டுடாத.

ஆறு வியாழக்கிழமையா பண்றேன். அவளக் கைப்புடிச்சி கூட்டியாந்து முன் சீட்டுல உக்கார வெப்பேன். ஏன், எங்கன்னு ஒண்ணும் கேக்க மாட்டா, உக்காருவா. கதவ சாத்திட்டு வந்து சாவியத் திருப்புவேன். எஞ்சின் புடிச்சிக்கும். தெரியும், உள்ளங்கையில நல்லாவே தெரியும். ஆனா அவ கை மடியிலயே கெடக்கும், பொடவை ஓரத்த சுருட்டிக்கினு. சரி, கவனிக்கல போலன்னு மறுபடி திருப்புவேன். அந்தக் கரகர கால்ல ஏறும். வாச்மேன் காதப் பொத்திக்கினு ஓடியாருவான், நிறுத்து பெரியவரே, நிறுத்துன்னு கைய ஆட்டுவான். இன்னும் ஒரு தரம் திருப்புவேன். அவ என்னைத் தெரிஞ்சிக்க வேணாம்பா, பேரச் சொல்ல வேணாம், அந்தக் கைக்கு மட்டும் ஞாபகம் இருந்தாப் போதும்னு இருக்குது. அது வரல. போன வாரம் பல்லு மொத்தமா போற வரைக்கும் திருப்பினேன், அப்பவும் வரல.

புது ரிங்கே போட்டுடு தினேஷு. நல்ல கெட்டிப் பல்லா பாத்து வாங்கு. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நான் அங்க இருக்கணும்.