கொன்ராட் பேருக்கு வந்த சீட்டு

— ஏங்க, ஓட்டுச் சீட்டு ரெண்டு வந்திருக்கு. ஒண்ணு உங்க பேருக்கு. இன்னொண்ணு நம்ம கொன்ராட் பேருக்கு.

— உன் கையில யாரு குடுத்தது செலின்? என்கிட்டத்தானே குடுப்பான் தபால்காரன்.

— நேத்து நீங்க கீழ பூத்தையல் மிஷின்ல இருந்தீங்க. நான் வாங்கினேன். அதுக்கென்ன இப்போ?

— ஒண்ணுமில்ல. ஊர் ஆபீஸ்ல எவனோ தூங்கிட்டு எழுதியிருப்பான். அடுப்புல போடு.

— நல்லாருக்கே! பிள்ளை பேரு போட்டு வந்த சீட்டு, அடுப்புல போடணுமாம். அதுல ‘ஆமா’ன்னு எழுதி, உங்களோடத சேர்த்துப் பெட்டியில போட்டுட்டு வாங்க.

— அட போ. செத்தவன் ஓட்டுப் போடுவானா?

— சுவிஸ் நாட்டு ஆம்பளைங்க எல்லாரும் இன்னிக்குச் சொல்லப்போறீங்க, இனி சண்டையே வரக்கூடாதுன்னு நாடுங்க எல்லாம் கூடி ஆரம்பிச்ச ஜெனீவா சங்கத்துல சேரணுமா வேணாமான்னு. பெத்தவ எனக்கு ஒரு சீட்டு உண்டா? யாரோ பண்ண தப்புல ஒண்ணு வந்து விழுந்திருக்கு. அதையும் அடுப்புல போடச் சொல்றீங்க.

— நீ தலைகீழா நின்னாலும் என் சீட்டுல ‘வேணாம்’தான். நூறு வருஷமா எவன் சண்டைக்கும் போகாம இருந்தோம். இனிமே எங்கயோ எவனோ முட்டிக்கிட்டா, சங்கத்துல இருக்கியே, ஆளனுப்புன்னு கேப்பான். சின்னவன் எமிலுக்கு அடுத்த வருஷம் இருபது. இருக்கறது அவன் ஒருத்தன்தான்.

— எமிலுக்காகத்தான் நானும் சொல்றேன். ஒதுங்கித்தானே இருந்தீங்க? கொன்ராட் மிஞ்சினானா? ஒருத்தன் மேல துப்பாக்கி நீட்டினதில்ல என் பிள்ளை. எல்லைக் காவலுக்குப் போன இடத்துல, பள்ளிக்கூடத்து வைக்கோல்ல நாப்பது பேரோட படுத்து, விஷக்காய்ச்சல்ல போனான்.

— காய்ச்சலுக்குச் சங்கம் என்னடி பண்ணும்?

— சண்டை இல்லன்னா அவனுக்கு எல்லையில என்ன வேலை, சொல்லுங்க பார்ப்போம்? கீழ உங்களுக்கு ஊசியில நூல் கோத்துக் குடுத்துட்டு, நூல் அறுந்ததுக்கு உங்ககிட்டத் திட்டு வாங்கிட்டு இருந்திருப்பான்.

— அதைப் பேசாத.

— பேசுவேன். புதைக்கறப்பக்கூட வரக்கூடாதுன்னுட்டாங்க, தொத்திக்கும்னு. முகத்தைப் பார்க்கல நான். இருபது வயசு முடிஞ்சு ஒரு தடவைகூட அவன் ஓட்டுப் போடல. இன்னிக்கு அவன் இருந்தா ‘ஆமா’ன்னுதான் எழுதுவான். எனக்குத் தெரியும்.

— செலின், இது கள்ள ஓட்டு. பெட்டிக்குப் பக்கத்துல பாதிரியார் நிப்பாரு. ரெண்டு சீட்டை வெச்சுக்கிட்டு அவர் கண்ணை எப்படிப் பார்ப்பேன்?

— ...சரி. அவன் பேர்ல பொய் வேணாம். நீங்க சொல்றது நியாயம்தான்.

— அப்பாடா.

— அப்போ இதைச் செய்யுங்க. சீட்டை ஆபீஸ்ல குடுத்து, எங்க பையன் போயிட்டான், பேரை அடிச்சிடுங்கன்னு சொல்லிட்டு வாங்க. எழுத்தர் வெளியூர்லேர்ந்து புதுசா வந்தவரு, அவருக்கென்ன தெரியும்? ஒவ்வொரு ஓட்டுக்கும் இப்படி வந்துட்டே இருந்தா என் நெஞ்சு தாங்காதுங்க.

— இன்னொரு நாள் பார்த்துக்கலாம்.

— இன்னிக்கு எப்படியும் அங்கதானே போறீங்க? ரெண்டு வார்த்தை சொல்ல என்ன கஷ்டம்?

— எமில்கிட்டக் குடுத்தனுப்பு.

— அப்பன் நீங்க இருக்கப்ப அவன் எதுக்கு? மணி அடிச்சாச்சு பாருங்க, பெட்டியை மூடிடுவாங்க. ஏன் கோட்டைக் கழட்டறீங்க?

— நான் போகல.

— ஓட்டுக்கே போகலயா? வேணாம்னு எழுதப்போறேன்னு ஒரு வாரமாக் குதிச்சீங்களே!

— உள்பையைப் பாரு.

— என்ன இது... எல்லாம் ஓட்டுச் சீட்டு. இது போன வருஷத்துது. இதுவும். எல்லாத்துலயும் கொன்ராட் பேரு. ஒரே தப்பை ஒவ்வொரு தடவையும் பண்ணியிருக்காங்களா? என்கிட்டக் காட்டவே இல்லியே நீங்க! அடியில ஏதோ பட்டாளத்துக் கடுதாசி இருக்கு.

— ஆபீஸ்காரங்க மேல தப்பில்ல செலின். அப்பன் கையெழுத்துப் போட்டு அதைக் குடுத்தாத்தான் கொன்ராட் செத்துட்டான்னு இங்க பதிவு பண்ணுவாங்க. ரெண்டு வருஷமாகப்போகுது. நான் இன்னும் போடல.