மூன்றே மூன்று கோழி

ஸ்காபரோ பஸ்ஸில் முன் இருக்கையிலிருந்து வந்த ஒரு வசனத்தைக் கேட்டதும் பாடப்புத்தகத்தை மூடிவிட்டேன்.

“தன்ர ஆயுசில மூண்டே மூண்டு கோழிதான் விழுங்கினவராம்.”

சொன்னவரின் மடியில் கோல் கீப்பர் கையுறை கிடந்தது. பேச்சு, அவர் குடியிருக்கும் கட்டடத்து மேல்மாடிப் பிரேசில்காரரைப் பற்றியது. வெறுங்காலோடு தெருவில் பந்து பிடிக்கத் தொடங்கி, பெரிய கிளப்புகளுக்குக் கோல் காத்து ஓய்ந்தவராம். ஞாயிற்றுக்கிழமை கையுறைக்காரரின் அணிக்குப் பைனல். அதற்குள் அந்தப் பிரேசில்காரரிடம் கோல் காக்கப் பழகிவிட வேண்டுமென்று துடித்தார்.

“மனுசன் சைவமாக்கும் எண்டு நினைச்சு, கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் கொண்டுபோனனான் மச்சான்.”

“என்ன சொன்னவர்?”

“வடிவாச் சாப்பிட்டார். என்னைப் பழக்கிற கதையை எடுக்கவே இல்லை.”

பக்கத்திலிருந்த நண்பர் சிரித்த சிரிப்பில் தலை சன்னலில் முட்டியது.

“விசரா, எங்கட பக்ரறியில நிக்கிற போர்த்துக்கீசரைக் கேட்டுப் பார். கீப்பர் லேசான பந்தைக் கோட்டை விட்டா, கோழி விழுங்கிட்டான் எண்டுதான் பிரேசில்காரரும் கதைக்கிற அவங்கட பாசையில சொல்லுறது.”

“அப்ப முழு ஆயுசுக்கும் மூண்டு பிழைதானோ?”

“ஓம்.”

“நான் போன மட்சில மட்டும் நாலு விழுங்கினனான்.”

“உன்ர வயிறு பெரிசு.”

“சரி, இண்டைக்கு நல்ல கோழிக்கறியோட போய்க் கேப்பம்.”

“கீப்பருக்குக் கோழியோ? கதவை அடிச்சுச் சாத்துவார்.”

கையுறைக்காரர் யோசித்தார். பிறகு எழுந்து மணிக்கயிற்றை இழுத்தார்.

“இறங்கு. ஆட்டிறைச்சி வாங்குவம்.”