ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு

காஜா எடுப்பதுதான் தையலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை, மேடம். சட்டையில் பொத்தான் நுழைகிற துளையைச் சொல்கிறேன். மற்றவர்கள் அதை மெஷினில் அடித்துத் தள்ளிவிடுவார்கள். நான் கையால்தான் எடுப்பேன். முதலில் துணியை வெட்ட வேண்டும், பிறகு அந்த வாயைச் சுற்றி நெருக்கமாக நூல் ஓட்ட வேண்டும். வெட்டத் தயங்குகிறவர்களுக்கு இந்தத் தொழில் சரிப்பட்டு வராது.

நீங்கள் கேட்டது என் தங்கையைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

வீட்டில் அவளைக் கிளி என்று கூப்பிடுவோம். சின்ன வயதிலிருந்தே வாய் ஓயாது. குழந்தைகளுக்குக் கதை சொல்லி அதை வீடியோவாகப் போடுவாள். முன்னறை என் தையல்கடை, பின்னறை அவள் படம்பிடிக்கிற இடம். நரிக் கதைக்கு ஒரு சட்டை, ராணிக் கதைக்கு ஒரு சட்டை என்று எல்லாம் நான் தைத்துக் கொடுத்தவை. அவளுக்கு இடது மணிக்கட்டில் கொதிநீர் பட்ட தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் பட்டது. அப்போது அடுப்பருகில் நானும் இருந்தேன், ஆனால் அது விபத்து. கதை சொல்லும்போது கையைத் தூக்கித் தூக்கி ஆட்டுவாள், சட்டைக் கை நழுவித் தழும்பு தெரியும். அதனால் இடது கையை மட்டும் கொஞ்சம் நீளமாக வெட்டி, உள்ளே மெல்லிய எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கையும் ஒரே அளவாகத்தான் தெரியும். பெற்ற அம்மாவுக்கே தெரியாது.

ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. குரல் தேன் என்றார்கள், சிரிப்பு முத்து என்றார்கள். ஒரு முறை யாரோ ஒரு அம்மா, சட்டை எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டிருந்தார். கிளி, "வீட்ல தைச்சதுங்க" என்று பதில் போட்டாள். அக்கா தைத்தது என்று போடவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் வேறொரு பேரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். முதலில் எழுதியது மிகச் சாதாரணமான வரி. 'கதை பரவாயில்லை. இந்தக் கீச்சுக் குரலைக் குழந்தைகள் எப்படித்தான் தாங்குகிறார்களோ.' ஒரு காலருக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்து பார்த்தால், அதன் கீழே கூட்டம் கூடியிருந்தது. தேன் என்று சொன்னவர்களே தகரம் என்றார்கள். அவள் மூக்கு, அவள் பல், அவளுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று வாய்க்கு வந்தபடி எழுதினார்கள்.

எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. துணியை நீளம் முழுக்கக் கத்தரிக்க வேண்டியதில்லை, மேடம். ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்து இரண்டு கையாலும் இழுத்தால் போதும், நூல் பிடித்து அதுவாகவே நேராகக் கிழிந்துகொண்டு போகும்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு மெஷின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். அப்போதுதான் அந்தக் கனவு வந்தது. கடை வாசலில் நீள வரிசை. யாருக்கும் முகம் இல்லை. கழுத்துக்கு மேல் மடிப்பில்லாத வெள்ளைத் துணி. ஒவ்வொருவராக வந்து, "இங்க ஒரு காஜா எடுங்க" என்று விரலால் காட்டுகிறார்கள். நானும் வெட்டுகிறேன். வெட்டின இடம் உடனே திறந்து பேச ஆரம்பிக்கிறது. எல்லா வாயும் பின்னறைப் பக்கம் திரும்பிப் பேசுகின்றன. எல்லாவற்றிலிருந்தும் வருவது என் குரல்.

எழுந்ததும் கத்தரிக்கோலை எட்டத் தள்ளி வைத்தேன். பயந்தேன் என்றே சொல்வேன். மாலை டீ குடிக்கும்போது கிளியிடம் கனவைச் சொன்னேன், குரலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. ஆனாலும் சிரித்தாள். "என்னைத் திட்டறவங்க வாயையெல்லாம் நீ தைக்கப் போறேக்கா. அதான் கனவுல வரிசையா வந்து நிக்கறாங்க."

"தைக்கலடி, வெட்டினேன்."

"கனவுல எல்லாம் தலைகீழாத்தான் வரும். நீ இருக்கறதாலதான் நான் இன்னும் தாங்கிட்டிருக்கேன்."

எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. இந்தச் சமூக ஊடகத்தில் மனிதர்கள் ஏன் இப்படி ஆகிவிட்டார்கள் என்று நெடுநேரம் யோசித்தேன். தெருவில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற அதே ஆட்கள்தான். முகம் மறைந்ததும் வாய் மட்டும் மிஞ்சிவிடுகிறது. இப்படி யோசித்துவிட்டு இரண்டாவது கணக்கைத் தொடங்கினேன்.

கொஞ்ச நாளில் அவளால் எதையும் படிக்க முடியவில்லை. ஃபோனை என் கையில் கொடுத்தாள். "நீயே படிச்சுச் சொல்லுக்கா. மோசமா இருந்தா அழிச்சிடு." அடுத்தவர்கள் எழுதியதில் பாதி வெறும் அசிங்கம், காது கூசும். அவற்றையெல்லாம் அழித்தேன். நான் எழுதியவை நாகரிகமாக இருந்ததால் விட்டுவைத்தேன், படித்தும் காட்டினேன். அவள் என் மடியில் தலை வைத்துக் கேட்பாள். நான் தலையைக் கோதிவிடுவேன். நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சந்தோஷமாக இருந்தேன், மேடம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிறகு அவள் படம்பிடிப்பதை நிறுத்தினாள். பிறகு சாப்பாட்டை. கடைசியில் அவள் செய்துகொண்டதை நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று யாரோ எழுதிவிட, மறுபடியும் தேன், முத்து என்று ஆரம்பித்துவிட்டார்கள். திட்டினவர்களே உருகினார்கள். நான் வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். 'எல்லாம் ஆள் சேர்க்கிற நாடகம். இடது கைச் சட்டைக்குள் எலாஸ்டிக் வைத்துத் தழும்பை மறைக்கிறவளுக்கு நடிக்கவா தெரியாது?'

எலாஸ்டிக்கை எழுதியிருக்கக் கூடாது. தெரியும். ஆனால் அத்தனை ஆயிரம் பேர் பார்த்தும் ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை. அது நல்ல வேலை, மேடம். யாராவது ஒருவருக்காவது தெரிய வேண்டாமா?

வீட்டுக்குக் கூட்டிப்போகிற அன்று மாற்றுச் சட்டை கொண்டுபோனேன். கிளி அதைப் போட்டுக்கொள்ளவில்லை. இடது கையை உள்பக்கம் புரட்டி, கட்டைவிரலால் எலாஸ்டிக்கை மெல்லத் தடவினாள். அவள் ஃபோன் பக்கத்தில் திறந்து கிடந்தது.

"அக்கா, இது உள்ள இருக்கறது வேற யாருக்குத் தெரியும்?"

"இப்ப எல்லாருக்கும் தெரியும்" என்றேன்.

அவள் வாய் திறந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. நான் சட்டையை வாங்கி, கையை நேராகப் புரட்டி, மடித்து வைத்தேன். அதன் பிறகுதான் அவள் புகார் கொடுக்க உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆமாம், எழுதியது நான்தான். இழுத்துக் கிழித்த கைகள் நிறைய, முதல் வெட்டு என்னுடையது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

அம்மா வந்து சொன்னார், கிளி இப்போது யாரோடும் பேசுவதே இல்லையாம். சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாளாம். என்னைப் பார்க்க விடமாட்டீர்கள், சரி. ஆனால் ஆறுதலாக ஒரு வரி சொல்ல அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நீங்கள் வாங்கி வைத்திருக்கிற என் ஃபோனைக் கொஞ்சம் கொடுங்கள், மேடம். என் பேரில் வேண்டாம். வேறு பேரில் எழுதுகிறேன்.