ஐம்பதாவது பெயர்

என்னுடைய கையெழுத்து அழகானது. பெருமைக்குச் சொல்லவில்லை, பிள்ளைகளே. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கோயில் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்து எழுதி எழுதித்தான் பழகினேன். மெய்யெழுத்துக்கு மேலே குற்றுப் புள்ளி வைக்கமாட்டேன், ஒரு சின்ன வட்டமாக வளைத்துவிடுவேன். புலம்பெயர்ந்து வந்த இந்த மோர்னிங்சைட்டில், எங்கள் பங்குக் கோயிலில், இன்னாருக்காகப் பூசை என்று பூசைக் கருத்து எழுத இப்போதும் "வேரோனிக்கா அன்ரி எங்கே" என்றுதான் தேடுவார்கள்.

சொல்லவந்தது நிலாணியைப் பற்றி. அவளுடைய தகப்பன் சூசைதாசனை ஆமி கொண்டுபோனபோது அவளுக்கு இரண்டு வயது. இப்போது முப்பத்தேழு. யாழ்ப்பாணத்துத் தீவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர்கள் வீடு. தாய் இங்கே காலமான பிறகு அவளுக்கு எல்லாமே நான்தான். சனிக்கிழமை சாமான் வாங்கவும் அவளுடைய காரில்தான் போவேன். நல்ல பிள்ளை.

எங்கள் கோயில் மண்டபத்தில் மாதமொருமுறை முன்னோரைத் தேடும் கூட்டம் நடக்கும். நடத்துபவர் கிளிபோட், பஸ் ஓட்டி ஓய்வெடுத்த ஐரிஷ்காரர். போன வருடம் நிலாணி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அயர்லாந்தில் ஒரு தலைவருக்கு மரணதண்டனை விதித்தபோது, அவரை மன்னிக்கச் சொல்லி ஊர் ஊராகக் கையெழுத்து வைத்து அனுப்பினார்களாம். நூற்றெழுபது வருடத்துக்கு மேலாகியும் அந்த மனு பத்திரமாக இருக்கிறதாம். அந்த நாட்டில் பழைய குடிசனக் கணக்கெல்லாம் அழிந்துபோனதால் ஏழைகளின் பெயர் இப்படியான தாள்களில்தான் அகப்படும் என்றார். திரையில் ஒரு பக்கத்தைக் காட்டி, தன் பாட்டனாரின் பாட்டனார் பெயரை விரலால் தொட்டார். கண் கலங்கியிருந்தது.

எனக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. ஆனால் எழுத்தைப் பார்க்கத் தெரியும். அந்தப் பக்கத்தில் பத்தொன்பது பெயர்கள். பத்தொன்பதிலும் ஒரு குறுக்குக்கோடு அதே அளவு நீண்டு, நுனியில் அதே மாதிரி மேலே தூக்கியிருந்தது.

"பிள்ளை, உது முழுக்க ஒராள் எழுதினது எண்டு அவரிட்டச் சொல்லு," என்றேன்.

அவள் சொன்னாள். கிளிபோட் சிரித்தார். தெரியுமாம். எழுதத் தெரியாதவருக்காக அயலவர் எழுதுவது அங்கே வழக்கமாம். யார் எழுதினால் என்ன, எங்கள் ஆள் ஓம் என்று தலையாட்டியிருப்பார்தானே என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். காரில் வரும்போது நிலாணி கேட்டாள்: "அன்ரி, அப்பாவும் ஒரு பெட்டிசன்ல சைன் வைச்சவர் எண்டு அம்மா சொல்லுவா. அதாலதான் பிடிச்சவங்களாம். ரியலி?"

"ஓம் பிள்ளை," என்றேன்.

அந்த மனுவைப் பற்றிச் சொல்லவேண்டும். தொண்ணூறாம் ஆண்டு, கடலுக்கு மீன்பிடிக்கப் போன இரண்டு பேரை ஆமிக் காம்பில் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்களை விடச்சொல்லி மனுக் கொடுப்போம், ஐம்பது பெயரென்றாலும் இருந்தால்தான் காம்புப் பெரியவன் திரும்பிப் பார்ப்பான் என்று பங்குச் சுவாமி சொன்னார். எழுதும் வேலை எனக்கு. வீடு வீடாகப் போனேன். எல்லோருமே "நீயே எழுதிவிடு பிள்ளை" என்றார்கள், எழுதினேன். நாற்பத்தொன்பது வந்தது. சூசைதாசன் அண்ணை மட்டும் வாசல் படலையிலேயே மறித்தார். "என்ர பேரைப் போட்டிடாதை வேரோனிக்கா. கைக்குழந்தை இருக்கு," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஐம்பதாவதாக அவருடைய பெயரை எழுதினேன். காம்புக்கு ஒன்று, சுவாமிக்கு ஒன்று, இரண்டு பிரதியிலும். ஒரு பெயர்தானே குறைகிறது என்று நினைத்தேன். அதில் எனக்கு அவ்வளவு குற்றம் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு காலையில், மனுவில் இருந்த அந்தப் பெயர்ப் பட்டியலோடு ஆமி வருகிறான் என்று செய்தி வந்தது. பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் தங்கள் பெயர் இருப்பதை அறிவார்கள். ஆகவே கோயிலுக்கும் பனங்காட்டுக்கும் ஓடிவிட்டார்கள். நான் சூசைதாசன் அண்ணையின் வீட்டைக் கடந்து கோயிலுக்குப் போனேன். அவர் முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"என்ன வேரோனிக்கா, எல்லாரும் ஓடுகினம்?"

"லிஸ்டில பேர் உள்ள ஆக்களைத் தேடுறாங்களாம், அண்ணை."

"அப்ப எனக்கென்ன பயம்," என்று சிரித்தார்.

நான் தலையாட்டினேன். சொல்வதென்றால் எழுதியதையும் சொல்லவேண்டும். சொல்ல நேரமிருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அன்றைக்கு அகப்பட்டவர் அவர் ஒருவர்தான், பிறகு திரும்பி வரவில்லை.

நிலாணி யாழ்ப்பாணத்து ஆயர் இல்லத்துக்கு எழுதினாள். சுவாமியின் பிரதி பழைய கோப்பு ஒன்றில் கிடந்ததாம், படமெடுத்து அனுப்பிவிட்டார்கள். அவளுக்குத் தமிழ் வாசிக்க அவ்வளவு வராது. ஐம்பதாவது பெயரை நான்தான் காட்டினேன். போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அன்ரி, எல்லாப் பேரிலயும் உந்தச் சின்ன ரவுண்ட் இருக்கே?"

"எங்கட பள்ளிக்கூடத்தில அப்பிடித்தான் பழக்கினவை, பிள்ளை."

அதோடு முடிந்திருக்கும். ஆனால் கிளிபோட் தன் முறைப்படி, உண்மையான கையெழுத்து ஒன்றைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். வேதப்புத்தகம், செபப்புத்தகம், அதன் முதல் தாள்களில் பாருங்கள் என்றார். நிலாணி தாயின் செபப்புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தாள். "அப்பா ஏதும் எழுதினவரோ, நீங்களே பாருங்கோ."

முதல் இரண்டு தாளும் ஈரத்தில் ஒட்டியிருந்தன. தண்ணீர் கொதிக்கும் கேத்தில் ஆவியில் பிடித்துப் பிரித்தேன். மனைவிக்குக் கலியாண நாளில் கொடுத்தது என்று நான்கு வரி, கீழே கையொப்பம். இடப்பக்கம் சாய்ந்த, முரட்டு எழுத்து. குற்றுகள் தாளைக் குத்தியிருந்தன. அந்த மனிதனின் கை படலையில் இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகு அந்தத் தாளை ஓரத்தோடு வெட்டி எடுத்தேன். மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, "செபங்கள்தான் பிள்ளை, வேறொண்டும் இல்லை," என்றேன்.

குருத்தோலை ஞாயிறு ஓலைகளைச் சனங்கள் அடுத்த வருடம் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுவருவார்கள். அவற்றை எரித்துத்தான் விபூதிப் புதனுக்குச் சாம்பல் எடுப்பது. ஓலை சேர்க்கும் பெட்டி என் பொறுப்பு. ஆசீர்வதித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது. செபப்புத்தகத் தாளும் அப்படித்தானே. அதையும் அந்த ஓலைகளுக்குள் வைத்தேன், முறையாகத்தான் செய்தேன். புதன்கிழமை நிலாணி எனக்கு முன்னால் வரிசையில் நின்றாள். சுவாமி அவளுடைய நெற்றியில் சாம்பலால் சிலுவை இட்டார். அவள் அதை இரவு வரைக்கும் கழுவவில்லை.

அந்தப் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா? தகப்பன் துணிந்து பெயர் கொடுத்தவர் என்ற எண்ணத்தில் அவள் நிமிர்ந்து நடக்கிறாள். அதை நான்தான் கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் அவருக்காகப் பூசைக் கருத்து எழுதும்போது மட்டும் வட்டம் போடுவதில்லை. குற்றுத்தான் வைக்கிறேன். சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னால் அவளிடம் போய்ச் சொல்லச் சொல்வார்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

உயிர்த்த ஞாயிறு அன்று நிலாணி சாப்பிட வந்தாள். சட்டைக் கையை மடித்து மணிக்கட்டைக் காட்டினாள். பச்சை குத்தியிருந்தாள். ஐம்பதாவது பெயர், அப்படியே, என் சின்ன வட்டங்களோடு.

"அப்பான்ர கை, அன்ரி."

நான் அதை உதட்டில் ஒற்றிக் கொஞ்சினேன். தோல் இன்னும் ஆறாமல் சூடாக இருந்தது.

சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "நான் இப்ப கொஞ்சம் கொஞ்சமா வாசிக்கிறன் அன்ரி. ஊர் முழுக்க இருக்கு. மாக்கஸ் மாமான்ர பேர் மட்டும் காணேல்லை?"

மாக்கஸ் என் கணவர். ஐம்பதாவது பெயருக்காக நான் பேனையோடு யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் எனக்கு எதிரே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஆறு வருடத்துக்கு முந்தி, இங்கே, சொந்தக் கட்டிலில் கண்ணை மூடினார்.

"தாளில இடம் காணாமப் போட்டுது, பிள்ளை," என்றேன். முப்பத்தைந்து வருடமாக நான் எனக்குச் சொல்லிவருவதும் அதுதான்.

நிலாணி போனை எடுத்து அந்தப் படத்தைப் பெருப்பித்து, அடிப்பக்கத்துக்குத் தள்ளினாள். அவளுடைய விரல் அங்கேயே நின்றது.

ஐம்பதாவது பெயருக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு வெறுந்தாள் இருந்தது.